நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்கு: அந்த இரண்டு அங்குலம் பற்றி

மதிப்புக்குரிய நியூ ஜெர்சி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

16 அங்குலத்துக்குக் குறைவான குழலுள்ள ரைஃபிளை வைத்திருந்தால் இங்கே மூன்றாம் நிலைக் குற்றம், மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை. உங்களுக்குத் தெரியாததல்ல. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசிடம் முறையாகப் பதிவான ரைஃபிள்களுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்குக் கொடுங்கள். வாஷிங்டன் மாநிலம் 2014இல் இதைத்தான் செய்தது.

உங்களில் ஒருவரின் அலுவலகத்துக்கு இதையே எழுதினேன். பள்ளிப் பாதுகாப்பில் நான் காட்டும் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. பள்ளியைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே இந்தத் திறந்த மடல்.

என் மனைவிக்கு இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ரைஃபிளின் முன்பாரத்தைத் தாங்குவது அந்தக் கைதான். அப்போது நாங்கள் பென்சில்வேனியாவில் இருந்தோம். காகித இலக்கில் சுடுவதற்காக 14 அங்குலக் குழல் வைத்த, சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் 22 ரைஃபிள் ஒன்றை வாங்கினாள். கைரேகை, புகைப்படம், 200 டாலர் வரி, மாதக்கணக்கில் காத்திருப்பு, எல்லாம் முறைப்படி. அப்புறம் வேலை எங்களை டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்துவிட்டது. இங்கே கொண்டுவர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும்; போய்ச்சேரும் மாநிலத்தின் சட்டம் இடங்கொடுத்தால்தான் அது கிடைக்கும். நண்பர் வீட்டில் விட்டுவைக்கவும் வழியில்லை, பதிவு அவள் பெயரில். உரிமம் பெற்ற கடையொன்றின் பெட்டகத்தில் மாத வாடகைக்குக் கிடக்கிறது.

கடைக்காரர் ஒரு வழி சொன்னார். குழலின் முனையில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக ஓர் எஃகுக் குழாயைப் பற்றவைத்துவிடலாம். கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால் அதுவும் குழல் நீளத்தில் சேரும். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடி, முனை வழியாக ஒரு குச்சியை முட்டும்வரை விட்டு, விளிம்பில் கோடு போட்டு வெளியே எடுத்து அளப்பார்கள். 16 வந்தால் அவள் நல்ல குடிமகள், ஒரு நூல் குறைந்தால் குற்றவாளி. அந்தக் குழாயால் தோட்டாவுக்கு ஒரு பயனும் இல்லை. எடை மட்டும் ஏறும், அதுவும் அவளால் தாங்கவே முடியாத முனையில்.

மறைத்து எடுத்துப்போக வசதி என்பதுதானே உங்கள் கவலை? 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, இதே மாநிலம் எனக்குக் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகி நடமாட அனுமதி தந்திருக்கிறது. அதன் குழல் நான்கு அங்குலம். இந்தப் பதிவையும் வரியையும் கொண்டுவந்த மத்தியச் சட்டம் 1934இல் வந்தபோது மசோதாவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. ரைஃபிளை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கி ஏய்த்துவிடக் கூடாதென்றுதான் குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், குட்டைக் குழல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அன்று வரம்பு 18 அங்குலம், 1960இல் 16. ஆபத்து எந்த ராத்திரியில் இரண்டு அங்குலம் நகர்ந்ததோ! மத்திய அரசே 2026 ஜனவரி முதல் அந்த 200 டாலர் வரியைப் பூஜ்யமாக்கிவிட்டது, பதிவு மட்டும் தொடர்கிறது.

ஒன்று புரிகிறது. சொந்த வண்டிக்குச் சொந்தக் கையால் பெட்ரோல் போடக்கூட எங்களை நம்பாத ஒரே மாநிலம் இது. பிறகு ரைஃபிளை எங்கே நம்பப் போகிறீர்கள்? சொத்துவரி கட்டும் விஷயத்தில் மட்டும் எங்கள்மேல் அபார நம்பிக்கை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் நம் தமிழ் நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பின்னணிச் சோதனை இருக்கட்டும், கைரேகை இருக்கட்டும், பூட்டிவைக்கும் விதி இருக்கட்டும். மத்தியப் பதிவு உள்ள ரைஃபிளுக்கு விலக்கு என்று ஒரே ஒரு வாக்கியத்தை அந்த வரையறையில் சேர்த்தால் போதும். அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுதுங்கள். பள்ளிப் பாதுகாப்புக்கான நன்றிக் கடிதம் ஏற்கெனவே ஒன்று கைவசம் இருக்கிறது.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி வாக்காளர் ஒருவர்