தேனீ வளர்ப்போர் கையில் ஒரு நல்ல தமிழ்க் கையேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனீ வளர்ப்புப் பயிற்சி முகாம்கள் பற்றியும், மானிய விலையில் பெட்டிகள் வழங்கப்படுவது பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவை தொடர வேண்டும். ஆனால், பயிற்சி முடிந்து பெட்டியோடு வீடு திரும்புகிற ஒருவர், அடுத்த பதினொரு மாதங்களும் எதைப் படித்துத் தொழிலை நடத்துவார் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தேனீ வளர்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இன்று எளிதில் கிடைக்கும் விரிவான நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் இத்தாலியத் தேனீயை மனத்தில் வைத்து, குளிர்நாடுகளின் பருவங்களுக்கேற்ப உருவாக்கப்பட்டவை. பனிக்காலத்தில் பெட்டியைக் காப்பது எப்படி, வர்ரோவா உண்ணியை ஒழிப்பது எப்படி என்பவற்றுக்கு அவை அத்தியாயங்களை ஒதுக்குகின்றன. நாம் வளர்க்கும் இந்தியத் தேனீயான அடுக்குத் தேனீயோ அந்த உண்ணியோடு நெடுங்காலமாக வாழ்ந்து, அதைத் தன் உடலிலிருந்து தானே நீக்கிவிடப் பழகிய இனம். நம்முடைய கவலை வேறு. உணவு குறைந்தாலும், எறும்போ குளவியோ மெழுகுப் பூச்சியோ தொல்லை கொடுத்தாலும், அடுக்குத் தேனீ ராணியோடு மொத்தமாகக் கூட்டை விட்டுப் போய்விடும். அது போவதற்கு முன் காட்டும் அறிகுறிகளை, அதாவது ராணி முட்டையிடுவதைக் குறைப்பதையும், அடையில் புழுவும் மகரந்தமும் அருகுவதையும் படத்தோடு விளக்கும் பக்கங்கள்தாம் புதியவருக்கு முதலில் தேவை. பெட்டியின் அளவிலும் குழப்பம் நேர்கிறது. தேனீ அடை கட்டும் மரச்சட்டங்கள் ஏழு கொண்ட, அடுக்குத் தேனீக்கான நியூட்டன் பெட்டிக்கும், இத்தாலியத் தேனீக்கான பத்துச் சட்டப் பெட்டிக்கும் சட்டத்தின் நீள அகலமே வேறு. அடையிலுள்ள சிற்றறைகளின் விட்டமும் வேறு. அடை கட்ட அடித்தளமாக வைக்கும் மெழுகுத் தாள் ஒன்றுக்கானதை மற்றொன்றில் பொருத்தினால் பணமும் பருவமும் வீணாகும்.

எங்கள் பகுதியின் தேன் வரவே நூல்களில் காணும் பொதுவிதிக்கு மாறானது. ரப்பர் மரத்தில் தேனீக்களுக்குக் கிடைக்கும் இனிப்பு நீரின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. இளந்தளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து வடிகிறது. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து, புதுத்தளிர் விட்டபின் ஏறத்தாழ ஏப்ரல் வரை தேன் வரத்து இருக்கும். தளிரைச் சாம்பல் நோய் தாக்கி உதிர்த்துவிட்டால் அந்த ஆண்டின் தேனும் போகும். ஆகவே, தோட்டத்தில் எந்த வாரம் தளிர் விடுகிறது என்று பார்த்துத் தேனீக் கூட்டத்தை முன்கூட்டியே வலுப்படுத்துவதில்தான் எங்கள் தொழிலின் திறமை அடங்கியிருக்கிறது. பூக்களை மட்டுமே பேசும் நூல் இதற்கு உதவாது. மழை தொடங்கிய பிறகு வருகிற பஞ்சகாலம் பல மாதங்கள் நீடிக்கும். அப்போது சர்க்கரைப் பாகு எவ்வளவு கொடுப்பது, அறுவடைத் தேனில் பாகு கலந்துவிடாமல் இருக்க அதை எப்போது நிறுத்துவது என்பவையும் தெரிந்திருக்க வேண்டும். தேன் எடுக்கும் காட்சியைக் காட்டும் காணொளிகள் ஏராளம். இந்தப் பஞ்சகாலத்தைக் காட்டுபவை மிகக் குறைவு.

நோய்கள் பற்றிய அறியாமை இன்னும் கொடியது. 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்து சேக்புரூட் எனப்படும், புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்ததை எங்கள் பகுதி மறக்கவில்லை. அந்நோய் கண்ட புழு, கூட்டுப்புழுவாக மாறும் முன்பே, அறையில் மல்லாந்த நிலையில் தலை மேல்நோக்கி வளைந்து இறக்கும். மெல்ல எடுத்தால் நீர் நிறைந்த பைபோல் வரும். பாக்டீரியாவால் வரும் ஐரோப்பிய புழு அழுகல் நோயில் அதைவிட இளைய புழுக்கள் சுருண்டு மஞ்சளாகிச் சாகும். இரண்டையும் பிரித்தறிய இயலாதவர் வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்துவிடுகிறார். நோய் தீர்வதில்லை, தேனில் மருந்தின் எச்சம் சேர்கிறது. ராணியைச் சிறிது காலம் தனியே அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்துவது, ஒரு பெட்டியின் சட்டத்தை வேறொரு பெட்டிக்கு மாற்றாதிருப்பது, நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து ராணிகளைப் பெருக்குவது ஆகியவையே நம்மால் செய்யக்கூடியவை. நான்கு தெளிவான வண்ணப் படங்கள் இருந்தால் எத்தனையோ கூட்டங்கள் பிழைக்கும்.

தமிழில் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேனீ வளர்ப்புப் பற்றிய அடிப்படைத் தகவல்கள் தமிழில் உள்ளன. கோவையில் அப்பல்கலைக்கழகம் பயிற்சியும் அளித்து வருகிறது. இவை நல்ல தொடக்கம். இவற்றுக்கு மேலே, பெட்டியருகே கொண்டுபோய் விரித்துப் பார்க்கத்தக்க, வட்டாரந்தோறும் வேறுபடும் தேன் வரத்து நாட்காட்டியோடு கூடிய அச்சுக் கையேடு ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை. கோடை மழைக்குப் பின் காப்பி பூக்கும் கீழ்ப்பழனி மலைக்கும், தென்னை மகரந்தம் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பொள்ளாச்சிக்கும், எங்கள் ரப்பர் காட்டுக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது என்பதையும், உறைந்ததாலேயே அது கலப்படத் தேன் ஆகிவிடாது என்பதையும் வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லும் பக்கமும் அதில் இருக்கட்டும். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. காற்றில் ஈரம் மிகுந்த எங்கள் மாவட்டத்தில், அடையின் பெரும்பகுதி மெழுகால் மூடப்படும்வரை காத்திருந்து எடுத்தால்தான் அந்த அளவுக்குள் நிற்க முடியும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிப் பகுதியில் அருட்தந்தை நியூட்டன் நம் தேனீக்கேற்ற சிறு பெட்டியை வடிவமைத்துப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தின் வழியே மார்த்தாண்டத்தில் இத்தொழில் வேரூன்றியது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு முதியவர்களின் நினைவில் இருக்கிறது. எழுத்தில் மிகச் சிறிதே வந்திருக்கிறது. கையேட்டைத் தயாரிக்கும் அறிஞர்கள் இவர்களையும் உடனமர்த்தி எழுத வேண்டும்.

2020இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் நிதியில் சிறு பங்கைத் தமிழ்க் கையேட்டுக்கும், அதைக் கிளை நூலகங்களிலும் வேளாண் விரிவாக்க மையங்களிலும் வைப்பதற்கும் தமிழக அரசு கேட்டுப் பெற வேண்டும். அது வரும்வரை, தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அந்தந்த மாதத்துக்குரிய தேனீப் பெட்டிப் பராமரிப்பை வல்லுநர்களைக் கொண்டு எழுதச் செய்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். ரப்பர் இலை உதிரும் டிசம்பருக்கு முன்பே முதல் கட்டுரை வந்தால், வரும் பருவத்துக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.