கரிக்கு வரி, காசு யாருக்கு?

அம்பத்தூர்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. விமலா அக்காவைக் கேட்டதாகச் சொல். தண்டபாணி இன்னும் உன்னிடம் கைமாற்று கேட்கிறானா? கொடுத்துத் தொலைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் போல்ட்டை வாங்கும் ஜெர்மன்காரர் ஓர் எக்செல் தாள் அனுப்பியிருக்கிறார். ஒரு டன் போல்ட் செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று கேட்கிறது. எங்கள் உலையின் கேஸ் பில் கையில் இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு புகை, கம்பிக்கான எஃகை உருக்கிய ஆலையில் அல்லவா? கம்பிச் சுருளில் தொங்கும் சீட்டில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்), கிரேடு, விட்டம் எல்லாம் உண்டு. புகைக் கணக்கு இல்லை. டீலரைக் கேட்டால் சிரிக்கிறார். நாங்கள் எண் தராவிட்டால் ஐரோப்பியர்களே உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள், கொஞ்சம் கூட்டியே.

இதற்கெல்லாம் காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி, அதாவது இறக்குமதிப் பொருளைச் செய்தபோது வெளியான புகைக்கு அங்கே வாங்கும் காசு. அது 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. 2026ல் அடி சொற்பம்தான். தங்கள் ஆலைகளுக்குப் புகைவிட இலவசமாகத் தரும் அனுமதிகளை 2034க்குள் அவர்கள் குறைக்கக் குறைக்க, நம் மேல் சுமை ஏறும். நம் எஃகு டன்னுக்குச் சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு; அங்கே ஒரு டன் வாயுவுக்கான விலை 2025ல் சுமார் 70, 80 யூரோ. பெருக்கிப் பார், எங்கள் லாபம் மொத்தமும் முழுகிப்போகும்.

“இருநூறு வருஷம் கரியை எரித்தவன் இப்போது நமக்குப் பாடம் நடத்துகிறானா?” என்று நீ எகிறுவாய். புகைவிடுபவனுக்கு வரி போடச் சொன்ன பொருளியலறிஞர் பிகூவை வைத்து வகுப்பில் போட்ட சண்டையை மறப்பேனா! நீ சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, சேகர். பொருள் செய்த நாட்டிலேயே கரிப்புகைக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் கட்டப்போகிற காசு ஐரோப்பியக் கஜானாவுக்கு ஏன் போக வேண்டும்? இங்கேயே வசூலித்தால் சின்னப் பட்டறைக்காரர் உலையை மாற்றவாவது உதவுமே.

நாம் செய்தது என்ன? 2010ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டோம். 2016ல் அது 400 ஆனது. அடுத்த ஆண்டே அந்தப் பணத்தை மாநிலங்களின் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் செஸ்ஸையே எடுத்துவிட்டு, நிலக்கரி ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். ஆலைக்காரர் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார், அதாவது தான் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். புகைக்கு அவர் கொடுத்த விலை என்று எதைக் காட்டுவது? இனி நம்பிக்கை 2023ல் நம் அரசு அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டம்தான்: புகை இலக்கைத் தாண்டிய ஆலை, குறைத்த ஆலையிடம் காசு கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அது எஃகு ஆலைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு இது ராத்திரியெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது.

உன்னைப்போன்ற வாத்தியார்கள்தான் இதை எழுத வேண்டும். நான் சொன்னால் முதலாளி புலம்பல் என்பார்கள். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் எம்.ஏ. பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல். எங்கே தப்பு என்றாலும் தாட்சண்யம் பார்க்காமல் எழுது.

அன்புடன்,
முத்து