முதலில் வேலையைப் பற்றிக் கேளுங்கள், படிவத்தை அப்புறம் கேட்கலாம்

அமெரிக்காவில் வரித் தாக்கல் மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி பிறந்தால் தெரிந்தவர்கள் சிலர் லேப்டாப்போடு என்னைத் தேடி வருவார்கள். வார இறுதியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், மாலையில் கார் ஓட்டுபவர், எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை அனுமதி வாங்கி வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்பவர் என்று பல தரப்பு. ஒழுங்காக வரி கட்ட நினைப்பவர்கள்தான் எல்லாரும். ஆனாலும் உங்கள் திரைகளில் அதே சில இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு அவர்களிடம் மட்டும் இருக்க முடியாது.

முதலில் உங்கள் கேள்வி. "1099-என்இசி வந்ததா?" என்கிறீர்கள். சம்பளத்துக்கு இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அனுப்பும் படிவம் அது. பாட்டு டீச்சருக்கு அது வரவே வராது. பிள்ளைகளின் பெற்றோர் சொந்தச் செலவாகக் கொடுக்கும் ஃபீஸுக்கு அவர்கள் படிவம் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் ஸெல் வழியாகப் பணம் வந்தால், பணப் பரிமாற்ற நிறுவனங்கள் அனுப்பும் 1099-கே படிவமும் கிடையாது. அவர் நேர்மையாக "இல்லை" என்று அழுத்துகிறார், நீங்கள் அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். செலவு போக 400 டாலர் நின்றாலே சுயதொழில் வரிக்கு (ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் கட்டும் வரி) கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். படிவம் வந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2026 முதல் கொடுக்கப்படும் பணத்துக்கு 1099-என்இசி வரம்பு 600 டாலரிலிருந்து 2,000 டாலராக உயர்ந்துவிட்டது. அந்த 400 அப்படியே இருக்கிறது. ஆக, படிவம் வராமலே வரி கட்ட வேண்டியவர்கள் இனிமேல் இன்னும் கூடுவார்கள்.

சரி, படிவம் வந்தவர் கதைக்கு வருவோம். அவருக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று "தொழில் வருமானம்", இன்னொன்று "இதர வருமானம்". முதல் கதவு ஷெட்யூல் சி (தொழில் வரவு செலவுக் கணக்கு), ஷெட்யூல் எஸ்இ (சுயதொழில் வரிக் கணக்கு) இரண்டுக்கும் போகிறது. இரண்டாவது, கூடுதல் வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் 1-இல் ஒரே ஒரு பதிவோடு முடிந்துவிடுகிறது, சுயதொழில் வரி கணக்கில் ஏறுவதே இல்லை. திரையின் மேல் மூலையில் ரீஃபண்ட் தொகையை நீங்கள் ஓடவிட்டிருக்கிறீர்கள் அல்லவா, உண்மையான வில்லன் அதுதான். செலவு போக 10,000 டாலர் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 92.35 சதவீதம், அதாவது 9,235 டாலருக்கு 15.3 சதவீதம் சுயதொழில் வரி, ஏறத்தாழ 1,413 டாலர். வருமான வரி அதற்கு மேல் தனி. பச்சையில் இருந்த எண் சட்டென்று சரிகிறது. ஏன் என்று ஒரு வாக்கியம்கூட விளக்கம் இல்லை. தப்பாக ஏதோ போட்டுவிட்டோம் என்று பயந்து அதை அழித்துவிட்டு இரண்டாவது கதவில் போட்டுப் பார்க்கிறார். எண் ஏறுகிறது. இதுதான் சரி போல என்று அனுப்பியும் விடுகிறார்.

பணம் கொடுத்தவர் அனுப்பிய படிவத்தின் நகல் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் இருக்கிறது. பல மாதங்கள் கழித்து, கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் சிபி2000 கடிதம் வருகிறது, விட்டுப்போன வரியும் வட்டியும் சேர்த்து. பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு ரிட்டர்னில் கையெழுத்திட்டவர் அவர்தான், உங்கள் மென்பொருள் இல்லை.

எண் சரியும் அந்த நொடியில் இரண்டு வாக்கியம் போட்டால் போதும். சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரியில் பாதியை முதலாளி கட்டுகிறார். தொழில் உங்களுடையது என்பதால் இரண்டு பாதியும் உங்கள் தலையில், அதில் ஒரு பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதைப் படித்தவர் இன்னொரு கதவைத் தேடிப் போகமாட்டார்.

இதே வரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நீங்கள் சொல்வதே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் (வரி கட்டிய வருமானத்துக்குச் சேரும் புள்ளி) வேண்டும், ஆண்டுக்கு அதிகபட்சம் 4. ஷெட்யூல் எஸ்இ போனால்தான் சுயதொழில் வருமானம் அந்தக் கணக்கில் சேரும். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிகளிடம் "இந்தத் தொழில் யாருடையது?" என்ற கேள்வி பல மென்பொருட்களில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் கணவர் பெயர் முதலில் இருப்பதால் அதையே விட்டுவிட்டுப் போகிறார்கள். மனைவி ஆண்டு முழுக்கப் பாடிச் சம்பாதித்தது கணவர் கணக்கில் ஏறுகிறது. வரி ஒரு டாலர்கூட மாறாமல் போகலாம், அதனால் யார் கண்ணிலும் படாது. அந்தப் பெட்டியைப் பெரிதாக்குங்கள். பெயரைத் தேர்ந்தெடுக்காமல் நகர விடாதீர்கள்.

இரட்டைக் கணக்கும் நடக்கிறது. படிவத்தில் வந்த தொகையைத் தட்டிவிட்டு, "மொத்த வருமானம்" என்ற அடுத்த பெட்டியில் ஆண்டு முழுத் தொகையையும் போடுகிறார்கள், இரண்டும் கூடிவிடுகிறது. கார் ஓட்டுபவரின் 1099-கே படிவத்தில் பயணி கொடுத்த முழுத் தொகை இருக்கும், நிறுவனம் பிடித்த கமிஷனும் சேர்த்து. கமிஷனைச் செலவில் கழிக்கலாம் என்பதை அந்தத் திரையிலேயே சொன்னால் என்ன?

விலை விஷயம் கொஞ்சம் கசப்பு. இலவசம் என்று அழைத்து, எல்லா விவரமும் நிரப்பிய பிறகு, ஷெட்யூல் சி வேண்டுமா, பணம் கட்டு என்றால், செலவில்லாமல் முடியுமா என்று இரண்டாவது கதவைத்தான் பார்ப்பார்கள். ஐஆர்எஸ் தானே நடத்திய இலவச இணையத் தாக்கல் சேவையான டைரக்ட் ஃபைல் 2024-இல் 12 மாநிலங்களில் தொடங்கி அடுத்த ஆண்டு 25 ஆனது. அப்போதும் தொழில் வருமானத்தை அது ஏற்கவில்லை, 2026-இல் அதுவும் இல்லை. கட்டணம் வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் முதல் பக்கத்திலேயே "யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் நீங்களாக வேலை செய்து பணம் வாங்கினீர்களா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் விலையை அங்கேயே காட்டிவிடுங்கள். 2,000 டாலர் வரம்புப்படி வரும் முதல் படிவங்கள் 2027 ஜனவரியில்தான் கைக்கு வரும். அதற்குள் இந்த ஒரு கேள்வியையாவது மாற்றிவிட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளில் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் ஒருவர்