என் மாஸ்க்கை நீ வாங்காதே, சுருட்டை

அன்புள்ள சுருட்டைக்கு,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. காய்ச்சலில் கிடந்தாய் என்று தெரிந்தும் போனில் ரெண்டு வார்த்தை பேசியதோடு சரி. மனசு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நேற்று உன் செய்தியும் அந்தப் படமும் வந்ததும், இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். அக்கா உன்னைக் கேட்டாள். பெரியவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். மற்ற கதையெல்லாம் அப்புறம்.

"உன் முடி இப்போ நல்லா இருக்கே, என்ன மாஸ்க் போடுறே? பேரைச் சொல்லு, எனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்து வாங்கிடுறேன்" என்று கேட்டிருக்கிறாய். குளிக்கும்போது முடியில் தடவி, கொஞ்ச நேரம் வைத்து அலசுகிற அந்த ஹேர் மாஸ்க்கின் பேரைச் சொல்ல மாட்டேன். கோபப்படாதே. அது உன் தலைக்கும் ஆகாது, பாப்பா தலைக்கும் ஆகாது.

என் முடி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எலிவால் என்று பெயர் வைத்ததே நீதானே. போன வருடம் அதில் ப்ளீச் போட்டுக் கலர் பண்ணிக்கொண்டேன். பண்ணிவிட்டவர் பிறகு எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஒரு முடியைப் பிடித்து இழுத்தேன். மென்று துப்பிய பபிள்கம் மாதிரி நீண்டுகொண்டே போனது. விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை, அப்படியே அறுந்தது. நல்ல முடி ஈரத்தில் கொஞ்சம் நீளும், விட்டால் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

உடனே யாரோ சொன்னார்கள் என்று ஷியா பட்டரும் (ஒரு கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) எண்ணெயுமாகக் கெட்டியான ஒரு மாஸ்க்கை வாங்கினேன். அடுத்த நாளே உச்சந்தலை படிந்து, முடியெல்லாம் பிசுபிசுவென்று தொங்கியது. நுனி மட்டும் உடைவதை நிறுத்தவில்லை. மெல்லிய முடியால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது. என் முடிக்குக் குறைவாக இருந்தது எண்ணெய் இல்லை, புரதம். முடி என்பதே பெரும்பாலும் கெரட்டின் என்கிற புரதம்தான். ப்ளீச் அந்தப் புரதத்துக்குள் இருக்கும் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது, முடிக்கு மேலே இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தையும் எடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்த முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சி, சட்டென்று காய்ந்தும் போகிறது.

பிறகு ஹைட்ரோலைஸ்டு கெரட்டின் உள்ள லேசான மாஸ்க் ஒன்றுக்கு மாறினேன். ஹைட்ரோலைஸ்டு என்றால் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தது. முட்டை வெள்ளைக்கருவைத் தடவினால் அப்படி உள்ளே போகாது, அதிலுள்ள புரதம் ரொம்பப் பெரியது. இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன். அடிபட்ட இடத்தில் முடிக்கு எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருக்குமாம். மாஸ்க்கில் முடியை மிருதுவாக்கச் சேர்க்கும் கண்டிஷனிங் பொருட்களுக்கு நேர்மின்னூட்டம். அதனால் எங்கே சேதமோ அங்கே போய் அவை நிறைய ஒட்டிக்கொள்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டபோது நன்றாக இருந்தது. சந்தோஷத்தில் ஒவ்வொரு குளியலுக்கும் போட ஆரம்பித்தேன். முடி விறைத்து, துடைப்பக்குச்சி மாதிரி ஆகி, மடக்கினால் டக்கென்று ஒடிந்தது. மறுபடி குறைத்துக்கொண்டேன். இப்போது நீ பார்த்த முடி அப்படி வந்ததுதான்.

இனி உன் தலைக்கு வருவோம். ஒரு முடியை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லியது. நூல் மாதிரி தட்டுப்பட்டால் தடித்தது. உன்னுடையது தடித்தது என்று உருட்டாமலே சொல்வேன், விடுதியில் எத்தனை சீப்பு உடைத்திருப்பாய்! காலையில் தலைக்குக் குளித்தால் சாயங்காலம் வரை உன் பின்னல் ஈரமாகவே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? முடிக்கு மேலே ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. அவை இறுக்கமாக மூடியிருந்தால் தண்ணீர் லேசில் உள்ளே போகாது, போனாலும் லேசில் வெளியே வராது. நீ கலரும் பண்ணவில்லை, சூடும் காட்டவில்லை. உனக்கு எதற்கு என் புரதம்?

உன் பிரச்சினை வறட்சி. சுருள் முடியில் தலையில் ஊறும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. நேரான முடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே நான் தூக்கிப் போட்ட அந்தக் கெட்டி மாஸ்க் இருக்கிறதே, அந்த வகைதான் உனக்குச் சரி. நன்றாக ஈரமான முடியில் காதுக்குக் கீழே இருந்து நுனிவரை தடவி, வெதுவெதுப்பான துண்டைச் சுற்றி, பதினைந்து நிமிடம் போதும். ராத்திரி முழுக்க வைத்தால் கூடுதல் பலன் இல்லை. அது தலையில் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே மேலே சிக்கெடு. தேங்காய் எண்ணெயையும் விடாதே. முடிக்கு உள்ளேயே போகக்கூடிய எண்ணெய் அது. முடியிலிருந்து புரதம் வீணாவதைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் குறைக்கவில்லை என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. குளிப்பதற்கு முன்னால் தடவு.

பாப்பா விஷயம் வேறு. வேர்ப்பக்கம் எண்ணெய் வழிகிறது, நுனி அலை அலையாகக் காய்ந்திருக்கிறது என்கிறாய். நீ மாஸ்க்கை உச்சந்தலையிலிருந்து தேய்த்துவிடுகிறாய், அதை முதலில் நிறுத்து. லேசான மாஸ்க், பாதி முடிக்குக் கீழே மட்டும், வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம். டப்பாவில் முன்னால் போட்டிருக்கும் எண்ணெய்ப் பெயரை நம்பாதே, பின்னால் திருப்பிப் பார். அதிகமாகச் சேர்த்த பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். வாசனைப் பொருளுக்கும் கீழே எண்ணெய் பெயர் இருந்தால் அதில் எண்ணெய் சொட்டுத்தான். சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயந்துவிடாதே, அது காயவைக்கிற ஆல்கஹால் இல்லை, மெழுகு மாதிரி மிருதுவாக்குவது. அவள் முடியை நேராக்கணும் என்கிறாளாமே. அவளைத் திட்டாதே, ஆனால் விடவும் விடாதே. நேராக்கும் கரைசல்கள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். என்னிடம் பேசச் சொல், நான் சொல்கிறேன்.

இப்போது அந்தப் படம். நீ அதைக் கடைசியில் சும்மா சேர்த்த மாதிரி அனுப்பியிருக்கிறாய், "இவ்வளவு கொட்டுது பாரு, மாஸ்க் போட்டா நிக்கும்ல?" என்று. பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் கிடக்கும் முடியெல்லாம் முழு நீளம். ஒரு முனையில் குட்டியாக வெள்ளைக் குமிழ். உடைந்த முடியில் அது இருக்காது, துண்டு துண்டாகக் கிடக்கும். உன் முடி உடையவில்லை, வேரோடு உதிர்கிறது. அதற்கு எந்த மாஸ்க்கும் உதவாது. வெளியே வந்துவிட்ட முடியைத்தான் மாஸ்க் கவனிக்கும். வேர் இருப்பது தோலுக்குள்ளே.

நாள் எண்ணிப் பார்த்தேன். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிறது. பெரிய காய்ச்சலுக்கு ரெண்டு, மூன்று மாதம் கழித்து இப்படிக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. பெரும்பாலும் சில மாதத்தில் தானாக அடங்கி, முடி திரும்ப வளரும். அதனால் பயப்படாதே. ஆனால் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டோ இருந்தாலும் இப்படித்தான் கொட்டும். அதை நீயும் நானும் படம் பார்த்துச் சொல்ல முடியாது. தோல் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள். நான் கூட வர வேண்டும் என்றால் வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக்கொடுக்கிற நீ, உனக்கென்றால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பாய். இந்த முறை முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று தேதி சொல்ல வேண்டும். மாஸ்க் டப்பாவை அதுவரை வாங்காதே. அப்புறம் பாப்பாவிடம் போனைக் கொடு.

அன்புடன்,
உன் அறைத் தோழி