கல்விக் கடன் தவணைக்கு மூன்று மாத இடைவெளி கேட்டு ஒரு மடல்

இந்திய வங்கிகள் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் பொதுத்துறை வங்கிகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு நாள்காட்டியில் 5-ஆம் தேதித் தாள் மட்டும் குப்பைக்குப் போவதில்லை. அப்பா அதைக் கிழித்துப் பின்புறத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதி, மின்கட்டண ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியில் சேர்த்துவிடுவார். இந்த டிசம்பரில் எழுதிய எண் 31. என் கல்விக் கடனில் இதுவரை கட்டிய தவணைகள் அவை. மொத்தம் 84. கடைசித் தாள் அந்தக் கம்பியில் ஏறும்போது 2030 மே மாதமாகியிருக்கும், எனக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். 2018-இல் பொறியியல் படிப்பில் சேர்ந்தபோது ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் ரூபாய் கடன் கிடைத்தது. நான்கு லட்சம்வரை அடமானம் தேவையில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும் என்று, வங்கிகளுக்காக உங்கள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அப்போது சொன்னது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் நான் பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு நூற்பாலைக்குப் போயிருப்பேன். இதை நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. 2018-இலிருந்து, பெரும்பாலும் தேசியத் தர மதிப்பீடு பெற்ற கல்லூரிகளுக்கோ தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கோ மட்டுமே அது பொருந்தும். எங்கள் கல்லூரிக்கும் என் படிப்புக்கும் அவை இல்லை என்பது இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. பத்து சதவீத வட்டியில் நான்கு லட்சம் ஐந்து லட்சத்து முப்பத்திரண்டாயிரமாக வளர்ந்து நின்றது. ஏழு ஆண்டுத் தவணை, மாதம் 8,830 ரூபாய் என்று கிளையில் எழுதிக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் முதல் தாள் கம்பியில் ஏறியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நான் வேலை பார்த்த சிறு நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அடுத்த ஐந்து மாதம் எனக்கு வேலை இல்லை. செப்டம்பரில் கிளைக்குப் போய், வேலை கிடைக்கும்வரை தவணையை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது அம்மா. கட்டாவிட்டால் உன் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து போய்விடும்" என்றார் கடன் பிரிவு அதிகாரி. (ஒருவர் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் மதிப்பெண் அது.) அவர் முகத்தில் கோபம் இல்லை. என் பின்னால் வரிசை நீண்டிருந்தது, அவர் அடுத்தவரைப் பார்த்தார். அன்று மாலை அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்தார். வைத்த கையோடு ஈரத் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டார், நாங்கள் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுபோல. நான்காவது தாளிலிருந்து எட்டாவது தாள்வரை அந்தச் சங்கிலிதான். இன்னும் மீட்கவில்லை. அதற்கான வட்டி மாதம் 340 ரூபாய்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி கோயம்புத்தூரில் இருக்கிறாள். அதே வங்கி, வேறு கிளை. அவளுக்கும் வேலை போயிருந்தது. அவளுடைய கிளையில் மூன்று மாதம் தவணையை நிறுத்திவைத்தார்கள். எப்படி என்று கேட்டபோது, உங்கள் சங்கம் 2015-இல் திருத்தி வெளியிட்ட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை எனக்கு அனுப்பினாள். அதை அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நின்றபடியே படித்தேன். வேலையில்லாத காலத்தையும் போதிய சம்பளம் இல்லாத காலத்தையும் கருத்தில் கொண்டு, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறை தவணைக்கு இடைவெளி தரலாம் என்று அதில் இருக்கிறது. திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகள்வரை இருக்கலாம் என்றும் இருக்கிறது. என் மதுரை பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் கவனிக்கவே இல்லை.

ஐயா, அம்மா, நான் உங்களிடம் புதிய சலுகை கேட்கவில்லை. நீங்களே எழுதி வைத்ததைத்தான் கேட்கிறேன். எந்தக் கிளை, அன்று மேசையில் யார் என்பதைப் பொறுத்து ஒருத்திக்குக் கிடைப்பதும் ஒருத்தியின் தாயார் சங்கிலியைக் கழற்றுவதும் எப்படி நியாயமாகும்?

இது பழைய கதை என்றால் மறந்திருப்பேன். இப்போது இன்னொரு கதவு திறந்திருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மதுரையில் இப்போது பார்க்கும் வேலையில் எனக்கு மாதம் கைக்கு வருவது 16,500 ரூபாய். தவணை போக, பஸ்ஸுக்கு 2,200 ரூபாய். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளுக்குத்தான், வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. சங்கிலி வட்டியும் வீட்டுக்குத் தரும் 3,000 ரூபாயும் போக, மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம். சென்னையில் ஒரு நிறுவனம் 27,000 ரூபாய் தருவதாகச் சொல்லிப் பணி ஆணையும் அனுப்பிவிட்டது. சாப்பாட்டோடு மகளிர் விடுதிக்கு 8,000, உள்ளூர்ப் பயணத்துக்கு 1,500 என்று வைத்தாலும், தவணையும் வட்டியும் கட்டி வீட்டுக்கும் அதே 3,000 அனுப்பி, ஐயாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்பீர்கள். விடுதிக்கு இரண்டு மாத முன்பணம், முதல் மாதக் கட்டணம், மெத்தை, பக்கெட், ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய் வேண்டும். முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். (தனி வீடு என்றால் நினைத்தே பார்க்க முடியாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்றும் சேர்த்துச் சொல்கிறது. சென்னையின் பத்து மாத முன்பணம் அந்த வழியாகவே இன்னும் நடமாடுகிறது.) தோழி 26,500 ரூபாயைக் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறாள். மூன்று மாதத்தில் அவளுடைய தங்கைக்குத் திருமணம், அதற்குள் திருப்பித் தர வேண்டும். என் மூன்று தவணைகளைக் கூட்டிப் பாருங்கள்: 26,490. மூன்று மாதம் தவணைக்கு இடைவெளி கிடைத்தால், அந்தப் பணத்தைக் கொண்டே அவளுக்குத் திருப்பித் தந்துவிடலாம்.

அம்மா முதலில் மறுத்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளைப் பற்றிப் படித்துக் காட்டி, அங்கே இடம் கிடைக்கும்வரைதான் தனியார் விடுதி என்று சொன்னபின் கொஞ்சம் இளகியிருக்கிறார். அப்பா இன்னும் இளகவில்லை. அவர் என்னைக் கட்டிப்போட நினைப்பவர் அல்லர். சொந்தமாக ஒரு தறி வாங்க அவர் கடன் கேட்டுப் போனபோது, அவர் பெயரில் ஏற்கெனவே ஐந்து லட்சம் கடன் இருப்பதாகக் கணினியில் பார்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது என் கடன். இணைக் கடன்தாரர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாக விளங்கியது. "நீ போய் ஒரு மாதம் தட்டிப்போனாலும் இரண்டு பேர் பெயரும் கெடும். முடித்துவிட்டுப் போ" என்கிறார். அவர் சொல்வதில் தவறு காண எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முடித்துவிட்டுப் போவதென்றால் 2030. அதுவரை இந்தச் சம்பளம்தான்.

எங்கள் தெருவிலேயே என்னைப் போல மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் பி.இ. முடித்துவிட்டு உள்ளூர் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். பெங்களூரில் வேலை கிடைத்தும் முதல் மாதச் செலவுக்கு வழியில்லாமல் போகவில்லை. உங்கள் கணக்கில் அவர் ஒழுங்காகத் தவணை கட்டும் நல்ல கடன்தாரர். அந்த ஒழுங்குக்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைக் காட்டும் பத்தி உங்கள் பேரேட்டில் இல்லை.

15 ஆண்டுத் தவணையைப் பற்றியும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலேயே அப்படி வைத்திருந்தால் மாதம் சுமார் 5,720 ரூபாய்தான். ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 2,87,000 ரூபாய் கூடுதலாகப் போகும். அது சிறிய தொகை அன்று, எல்லோருக்கும் அதுவே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் சம்பளம் குறைவாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் குறைந்த தவணையைக் கட்டிவிட்டு, பிறகு கூடுதலாகச் செலுத்திச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறது. அப்படிச் செய்வதா வேண்டாமா என்பதைக் கடன் வாங்கியவர் தீர்மானிக்க வேண்டும். எனக்கு அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. 84 என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. முதல் தவணை தொடங்குவதற்கு முன் நீங்கள் அனுப்பும் கடிதத்தில், கட்ட வேண்டிய தொகைக்குக் கீழே, தமிழில், இந்த வாய்ப்புகளையும் எழுதுங்கள்: எத்தனை ஆண்டுகள்வரை நீட்டிக்கலாம், அதனால் எவ்வளவு கூடுதலாகும், வேலை போனால் எந்தப் படிவத்தைக் கொடுத்து இடைவெளி கேட்கலாம். கிளையில் ஒருவர் இடைவெளி கேட்டால் விண்ணப்பத்தை வாங்கி முத்திரையிட்டு நகல் கொடுக்கச் சொல்லுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அப்படித் தந்தால்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகிறவர் கையில் ஒரு தாளாவது இருக்கும். ஒப்புக்கொண்ட இடைவெளிக்காக இணைக் கடன்தாரரின் பெயரில் ஒரு கறையும் விழாமல் பாருங்கள். மேலும், நல்ல சம்பளத்துக்காக ஊர் மாறுகிறவர்களையும் அந்த இடைவெளிக்கு உரியவர்களாகச் சேருங்கள். போதிய சம்பளம் இல்லாத காலம் என்று நீங்கள் எழுதியிருப்பதற்குள்ளேயே அது அடங்கும் என்று நான் நம்புகிறேன். இடைவெளிக் காலத்துக்கு வட்டி போடுங்கள், கட்டுகிறேன். தள்ளுபடி கேட்கவில்லை. தள்ளுபடி வரும் என்று தேர்தல்தோறும் காத்திருந்து தவணையை விட்டவர்கள் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை மறுபடியும் கிளைக்குப் போனேன். மாதிரித் திட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரிகளுக்குக் கீழே கோடிட்டு, மூன்று மாத இடைவெளி கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். இந்த முறை முத்திரை வாங்காமல் நகரவில்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த மேலிடம் நீங்கள்தான் என்பதால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

சென்னை நிறுவனம் ஜனவரி 19-ஆம் தேதி சேரச் சொல்லியிருக்கிறது. 32-ஆவது தாள் ஜனவரி 5-ஆம் தேதி.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கல்விக் கடன்தாரர்