சுவருக்குக் கண்ணு வச்ச மனுஷன்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆச்சு, வேலை நெருக்கடியில உக்காந்து எழுதவே முடியல, கோச்சுக்காத.

பாப்பா நருட்டோ கார்ட்டூன் பாத்துட்டு அதுல வர்ற ஜிராயா நிஜமாவே இருந்தாரான்னு கேட்டான்னு போட்டிருந்தியே, ஆள் நிஜம் இல்ல, ஆனா கதை ரொம்பப் பழசுன்னு சொல்லு. தவளை வித்தை ஜிராயா, பாம்பு வித்தை ஒரோச்சிமாரு, ஓடில்லாத நத்தையை வச்சு வித்தை காட்டுற சுனாதே, மூணு பேருமே 1839-ல இருந்து பாகம் பாகமா வந்த ஒரு கதையில இருக்காங்க, அதுல சுனாதே ஜிராயாவுக்குப் பொண்டாட்டி.

சரி, நான் சொல்ல வந்தது வேற. போன மாசம் சகாய்மினாதோ போயிருந்தேன்டா. ஜப்பான்ல தொத்தோரி பக்கம் கடலோரத்து ஊர், கிடாரோங்கிற பேய்ப் பையன் கதையை வரைஞ்ச காமிக்ஸ்காரர் மிசுகி ஷிகெரு வளர்ந்த இடம். யொனாகோவுல ஏறுன ரயில் மேல பூரா அவர் வரைஞ்ச பேய்ங்க படம்தான், இறங்கி நடந்தா ரோட்டோரம் அந்தப் பேய்ங்களுக்கு 170-க்கும் மேல வெண்கலச் சிலை, சின்னச் சின்னதா.

அதுல நுரிகாபேங்கிற பேய் முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன். கிடாரோ பக்கத்துலயே நிக்குமே, கைகால் முளைச்ச சாம்பல் கலர் சுவரு, அதேதான். ஃபுகுவோகா பக்கம் சொல்ற கதை அது, ராத்திரி நடந்து போறப்ப திடீர்னு வழி சுவரா அடைச்சுக்குமாம், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கால எடுத்து வைக்க முடியாது, குச்சியால கீழ்ப்பக்கம் தட்டுனா விலகிடுமாம். நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் யனகிதா குனியோ ஊர்க் கதைங்களச் சேகரிச்சப்ப இதையும் எழுதி வச்சிருந்தார். அதுல உருவமே கிடையாதுடா! கண்ணு, கை, கால் வச்சதெல்லாம் மிசுகி. இன்னைக்கு நுரிகாபேன்னு சொன்னாலே பசங்க அவர் வரைஞ்சதைத்தான் வரையுறாங்க.

இரண்டாம் உலகப்போர்ல நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பிட்டாங்க அவரை, மலேரியா வந்து படுத்திருந்தப்ப குண்டு விழுந்து இடது கை போயிடுச்சு. அந்தத் தீவுக் காட்டுல ஒரு ராத்திரி தனியா தப்பிச்சு ஓடுறப்ப முன்னாடி சுவர் மாதிரி ஏதோ மறிச்சுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். ஊர் திரும்பி மிச்சம் இருந்த ஒரு கையால வரைஞ்சு, 1965-ல கிடாரோ வாரப் பத்திரிகையில வந்துச்சு, 1968-ல அனிமே ஆச்சு, 2015-ல 93 வயசுல சாகுற வரைக்கும் பேய்ங்கதான்.

ஆனா எனக்கு அவரை விட, அவருக்குப் பேய்க் கதை சொன்ன ஒரு பாட்டி மேலதான் மனசு போகுது. சின்ன வயசுல வீட்டுக்கு வந்து போற ஏழைக் கிழவி, நோன்நோன்பான்னு கூப்பிடுவாராம். கூரையில கறை இருந்தா, அது ராத்திரியில கூரையை நக்குற பேய் வந்துட்டுப் போன தடம்னு காட்டுவாளாம், பையன் அண்ணாந்து பாத்தா அப்படியேதான் தெரியுமாம். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க விட்டுட்டுப் போனதையெல்லாம் இப்படி ஒரு கிழவி ஒரு பையன் காதுல போட்டு வச்சிருக்கா, அதுல இருந்து வந்ததுதான்டா இத்தனை சிலையும்.

நான் தங்குன ரூம் கூரையிலயும் தண்ணி ஒழுகுன கறை ஒண்ணு இருந்துச்சு. லைட்ட அணைக்காம ரொம்ப நேரம் பாத்துட்டே படுத்திருந்தேன்.

பாப்பாவுக்கு ஒரு குட்டி நுரிகாபே பொம்மை வாங்கி வச்சிருக்கேன், பொங்கலுக்கு வரப்ப எடுத்துட்டு வரேன். அம்மாவக் கேட்டேன்னு சொல்லு.

உன்
மாப்ள