அட்டவணையில் இல்லாத 37 மணி நேரம்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் மதிப்பெண்களை 7 நாட்களுக்குள் பதிவேற்றாத ஆசிரியர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று சென்ற திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய குறிப்பாணை கிடைத்தது. நான் எடுத்துக்கொண்டது 11 நாள். 4 நாள் தாமதம், மறுக்கவில்லை. விளக்கத்துக்காக அந்த மெமோவில் இரண்டு வரி இடம் விட்டிருந்தீர்கள். அதற்குள் அடங்கவில்லை, மன்னிக்கவும். என்னைப் போல இன்னும் பலருக்கும் அதே தாள் போயிருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

இந்த செமஸ்டர் எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். சக ஆசிரியர் ஒருவர் மருத்துவ விடுப்பில் போனார். வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அவருடைய பாடம் என்னிடம் வந்தது. நான் இதுவரை நடத்தாத பாடம். "இரண்டு வாரம் சமாளியுங்கள், ஆள் வந்துவிடும்" என்றார்கள். சரி என்றேன். இப்போது ஒன்பதாவது வாரம் நடக்கிறது. ஆள் வரவில்லை. மெமோ வந்திருக்கிறது.

பணிச்சுமைப் படிவத்தில் என் பெயருக்கு நேரே 16 என்று இருக்கிறது. வாரத்துக்கு 16 மணி நேரம். வெளியாள் யாராவது அதைப் பார்த்தால் என்மேல் பொறாமைப்படுவார். அந்த 16 என்பது நான் வகுப்பில் நிற்கும் நேரம் மட்டும்தான் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வகுப்பில் நின்றவர்தான். புதிய பாடத்தில் ஒரு மணி நேரம் நடத்த எனக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு வேண்டியிருக்கிறது. அது வாரத்துக்கு 5 வகுப்பு. ஏற்கெனவே நடத்திப் பழகிய மற்ற இரண்டு பாடங்களுக்கும் அரை மணி நேரமாவது புரட்டிப் பார்க்காமல் போக மாட்டேன். ஆகத் தயாரிப்பு மட்டும் 20 மணி நேரம். இதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது. அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை.

நான் பேச வந்தது விடைத்தாள் திருத்துவதைப் பற்றி.

மூன்று பாடங்களிலும் சேர்த்து என்னிடம் 187 மாணவர்கள். ஒரு விடைத்தாளை ஒழுங்காகப் படித்து, எங்கே பிசகியது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி, கூட்டிப் போட எனக்கு 12 நிமிடம் ஆகும். என்னைவிட வேகமானவர்கள் இருக்கலாம். 187 தாளுக்கு 37 மணி நேரம் சொச்சம். 16, 20, 37. எல்லாம் சேர்த்தால் ஒரே வாரத்தில் 73 மணி நேரம். ரெக்கார்டு நோட்டு, ப்ராஜெக்ட் மாணவர்கள், வருகைப் பதிவு, தரச்சான்றுக் கோப்புகள் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. படிவத்தில் இருப்பது 16தான்.

அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு கட்டுத் தாளையும் திருத்தி முடித்ததும் மதிப்பெண் ஏட்டின் ஓரத்தில் நேரத்தைக் குறித்துவைப்பது என் பழக்கம். கடைசிக் கட்டில் 20 தாள்கள். இரவு 10 மணிக்கு எடுத்தது, 12.40க்கு முடிந்தது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. 160 நிமிடத்தில் 20 தாள் என்றால் தாளுக்கு 8 நிமிடம். மாலையில் 12 நிமிடம் எடுத்த கை நள்ளிரவில் எப்படி வேகம் பிடித்தது? வேகம் எதுவும் இல்லை. கண் தாளின்மேல் மேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் கட்டுகளில் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. நடுக் கட்டுகளில் "விளக்கம் போதாது" என்ற இரண்டே சொல். கடைசிக் கட்டில் வெறும் டிக்.

ஏழாவது நாள் காலையில் தாள்களை வகுப்பில் கொடுத்தேன். மாணவர்கள் பார்த்த பிறகு அன்று மாலையே பதிவேற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதாவது உங்கள் கெடுவுக்குள் முடித்துவிட்டேன். அப்படியே பதிவேற்றியிருந்தால் மெமோ வந்தே இருக்காது.

வகுப்பு கலைந்ததும் ஒரு மாணவி தாளோடு வந்தாள். 50க்கு 31 போட்டிருந்தேன். "மேடம், கடைசிக் கேள்விக்கும் எழுதியிருக்கேன். நீங்க பார்க்கலையோன்னு..." என்று இழுத்தாள். புரட்டினேன். இரண்டு வெற்றுப் பக்கங்களுக்கு அப்புறம் ஒரு முழு விடை, நேர்த்தியாக, படத்தோடு இருந்தது. 10 மதிப்பெண் கேள்வி. 9 போட வேண்டிய விடை. அதன்மேல் என் சிவப்பு மை ஒரு புள்ளிகூடப் படவில்லை. கேட்கத் தயங்கியவள் அவள். தயங்கியிருக்க வேண்டியவள் நான்.

அவளுக்கு மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு மாலையில் பதிவேற்றியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர்? மூன்று வகுப்பிலும் 187 தாள்களையும் திரும்ப வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குத்தான் அந்த 4 நாள்.

இன்னும் இரண்டு தாள்களில் தவறு இருந்தது. ஒன்று கூட்டல் பிழை, சின்னது. இன்னொன்று, கூடுதல் தாளில் தொடர்ந்த விடையை நான் திருப்பியே பார்க்காதது. அந்த மாணவனுக்கு 18 போட்டுத் தோல்வி என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவன் வாங்கியது 26. மூன்று தாள்களும் அந்தக் கடைசிக் கட்டில்தான் இருந்தன.

அந்தப் பையனைக் கூப்பிட்டு, தாளைப் பார்த்தபோதே ஏன் வந்து கேட்கவில்லை என்றேன். "எனக்கு அவ்வளவுதான் வரும்னு நினைச்சேன் மேடம்" என்றான். கோபமில்லை, வருத்தமும் இல்லை. தேதி கேட்டால் தேதி சொல்வதைப் போலச் சொன்னான். வாரக்கணக்கில் புரியாத பாடத்தோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகப் புரிந்துகொண்டு கூடுதல் தாள் வாங்கி எழுதியிருக்கிறான். நான் 18 போட்டதும், தனக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். என் தூக்கக் கலக்கத்தை அவன் தன் மண்டைக்குறை என்று எடுத்துக்கொண்டான். மறுகூட்டல் விண்ணப்பம் இருக்கிறதே என்பீர்கள். தன்மேல் நம்பிக்கை உள்ளவன்தான் விண்ணப்பம் போடுவான்.

நேச்சர் என்ற அறிவியல் இதழில் 1997இல் ஓர் ஆய்வு வந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இணைந்து செயல்படும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். அன்று காலை 5 மணிக்கு எழுந்தவள் நான். 12.40க்கு நான் விழித்திருந்தது 19 மணி நேரத்துக்கு மேல். வண்டிச் சாவியைத் தொடக்கூடாத நிலையில் ஒரு பையனின் தேர்ச்சியைத் தொட்டிருக்கிறேன். நல்ல தூக்கம் தூங்கிய ஆசிரியர்களே ஒரே தாளுக்கு ஒரே மதிப்பெண் போடுவதில்லை என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளின் நகலைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். பகலிலேயே இந்த லட்சணம் என்றால் நள்ளிரவைப் பற்றி என்ன சொல்ல.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். திருத்தும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். பணிச்சுமைப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுங்கள். எத்தனை தாள், தாளுக்கு எத்தனை நிமிடம், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்கட்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு 7 நாள் கெடு வையுங்கள், அல்லது 14 நாள் வையுங்கள், அல்லது தாள்களை இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள். எண் கண்ணில் பட்டால் முடிவு தானாக வரும் என்று நம்புகிறேன்.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஐரோப்பாவின் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, தனியாகப் படிப்பதும் அசைன்மென்ட் எழுதுவதும் அதில் அடக்கம். எழுதுகிறவருக்கு நேரம் ஆகும் என்று ஒப்புக்கொண்டால், எழுதியதைப் படிக்கிறவருக்கும் ஆகும் என்று ஒப்புக்கொள்வது அத்தனை கடினமா? உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரையும், பணிச்சுமை நியாயமானதாக, மாணவருக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ய விடுவதாக இருக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பது அதைவிடக் குறைவு. நியாயமாக்குவது அப்புறம். முதலில் எண்ணுங்கள்.

கொள்குறி வினாக்களாக மாற்றிவிடுங்கள், இயந்திரமே திருத்திவிடும் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. சில பாடங்களுக்குச் சரிப்படும். ஆனால் ஒரு மாணவர் எந்த இடத்தில் தவறாக யோசிக்கத் தொடங்கினார் என்பது நான்கு வட்டங்களில் ஒன்றைக் கருப்பாக்குவதில் தெரியாது. பக்கம் பக்கமாக எழுதினால்தான் தெரியும். அதைப் படிக்க ஆள் வேண்டும். ஆள் விழித்திருக்கவும் வேண்டும்.

மெமோவோடு இணைத்திருந்த இன்னொரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாமதம் செய்த ஆசிரியர்களுக்கு சனிக்கிழமை மூன்று மணி நேரம் 'நேர மேலாண்மை' பயிலரங்கு, வருகை கட்டாயம். வரவேற்கிறேன். மூன்று மணி நேரத்தில் 15 விடைத்தாள்களை ஒழுங்காகத் திருத்த முடியும் என்று அங்கே முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். பயிலரங்கு முடிந்ததும் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டுமாம். அதைப் புகைப்படத்தோடு தரச்சான்றுக் கோப்பில் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கோப்பைப் பராமரிக்கும் மூவர் குழுவில் நானும் ஒருத்தி. ஒரே வருகைப் பதிவைக் கணினியில் ஒருமுறை, ஏட்டில் ஒருமுறை, மாத இறுதியில் இன்னொரு படிவத்தில் ஒருமுறை ஏற்றுகிறோம். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "ஒரு சின்ன விவரம், காலைக்குள் வேண்டும்" என்று செய்தி வருகிறது. உடனே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு ஆய்வுக் கட்டுரை எங்கே என்று கேட்கும் கடிதம் இன்னும் வரவில்லை. அதுவும் வழியில் இருக்கும். எங்கள் நேரத்தை நிர்வகிக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், நல்லது. அதில் நிர்வகிக்க ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா?

மன்னிக்கவும். வேண்டுகோள் எழுத உட்கார்ந்தேன், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. உங்கள் மேசையிலும் பதில் கேட்டு மெமோக்கள் கிடக்கும் என்பதை அறிவேன். ஆள் நியமனம் உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் ஆள் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, பாடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. திருத்தும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இரண்டாவது உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதே 187 பேர்தான் எழுதப்போகிறார்கள். அதற்குள் கல்விக்குழு ஒருமுறை கூடும் என்று நாட்காட்டியில் பார்த்தேன். நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கணக்கைப் போட்டுக் காட்ட என்னை அழைத்தால் வருகிறேன், பத்து நிமிடம் போதும்.

மதிப்பெண் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாறிய மூன்று மதிப்பெண்களையும் வட்டமிட்டிருக்கிறேன். என் மதிப்பெண் ஏட்டில் நேரம் குறித்த பக்கத்தின் நகலும் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
மூன்று பாடங்கள் நடத்தும் ஒரு பேராசிரியர்